ஒரு குலுக்கு ஆமாம், இரண்டு குலுக்கு இல்லை

அத்தியாயம் ஆறு

சுவர் இல்லாத கதவு ஒன்று வானொலி நாடகக் கூடத்தின் நடுவில் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. நிலை, தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் இருந்தன. அடியில் சின்னச் சக்கரங்களும் இருந்தன. நாத்தனார் அதைத் திறந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனாள். போய்த் தாழ்போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, இப்ப நான் வீட்டுக்கு உள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா?"

"வாயை மூடினா உள்ள."

"அப்ப நிரந்தரமா வெளியதான்."

ஒரு பெண்ணும் அவள் கணவனின் தங்கையும் சேர்ந்து துப்பறியும் நிலையம் நடத்துவதை முதலில் யாரும் நம்பவில்லை. ஒரே வீட்டுக்குள் ஒருத்தியை ஒருத்தி வருஷக்கணக்கில் வேவு பார்த்த அனுபவத்துக்கு மேல் இந்தத் தொழிலுக்கு என்ன படிப்பு வேண்டும் என்று நாத்தனார்தான் கேட்டுக்கொண்டு திரிந்தாள். பெயர்ப் பலகையில் இருந்த பெயர்கள் யார் மனத்திலும் நிற்கவில்லை. வருகிறவர்கள் பெரியவளை அண்ணி என்றார்கள், சின்னவளை நாத்தனார் என்றார்கள். இருவரும் திருத்துவதை விட்டுவிட்டார்கள்.

இன்று அவர்களைக் கூப்பிட்டிருந்தவர் நாடகத் தயாரிப்பாளர். சட்டைக் காலர் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, தலைவலிக்காரர் மாதிரி நெற்றியைப் பிடித்தபடி பேசினார்.

"பழைய மேடைச் சோக நாடகங்களை எடுத்து ரேடியோவுக்கு மாத்திப் போடறோம். இப்பப் போறது 'தளபதியின் வீடு'. நேரடி ஒலிபரப்பு. இன்னைக்கு சாயங்காலம் கடைசிப் பகுதி. ஒவ்வொரு வாரமும் நாடகம் ஓடும்போது இங்க ஒரு போன் வருது. எடுத்தா பேச்சே கிடையாது. சாவிக்கொத்தைக் குலுக்கறாங்க. எங்க நாடகத்தைக் கேலி பண்றாங்க."

"சாவி எதுக்கு?" என்றாள் அண்ணி.

பதில் மூலையிலிருந்து வந்தது. அங்கே மேசைமேல் தாள்களைப் பரப்பிக்கொண்டு ஒல்லியான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேடை நாடகங்களை ரேடியோவுக்குத் தழுவி எழுதுகிறவள். கூடத்தில் அவளுக்குத் தழுவல்காரி என்று பெயர்.

"கட்டிப்பிடிக்கிற வேலைன்னு நினைச்சிட்டேன்," என்றாள் நாத்தனார்.

"அதுவும்தான்," என்றாள் தழுவல்காரி, சிரிக்காமல். "அந்த நாடகத்துல தளபதியோட மனைவி ஊமை. மேடையில ஒருத்தி பேசாம நின்னா எல்லாரும் அவளையே பார்ப்பாங்க. ரேடியோல ஒருத்தி பேசாம நின்னா அவ அங்க இல்லவே இல்லை. பல நாள் அதோட மல்லுக்கட்டினேன். கடைசியில அவ இடுப்புச் சாவிக்கொத்தைப் பேச வச்சேன். தளபதி கேள்வி கேட்பார். ஒரு தடவை குலுக்கினா ஆமாம். ரெண்டு தடவைன்னா இல்லை."

"ஆனா காரணம் தெரியாத சத்தம் ஒண்ணுகூடக் காத்துல போகக்கூடாது," என்றார் தயாரிப்பாளர். "அதுதான் இங்க சட்டம். இடி இடிச்சா யாராவது 'அதோ இடி'ன்னு சொல்லணும். இல்லைன்னா கேட்கறவன் ரேடியோ ரிப்பேர்னு நினைச்சுக்குவான்."

"கொட்டாவி விட்டா?"

"'அமைச்சரே, எனக்கு உறக்கம் வருகிறது,'" என்றது ஒரு கனத்த குரல். சுவர் இல்லாத கதவுக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றவர் சத்தங்கள் செய்கிறவர். அவருக்கு இடிமழை என்று பெயர். தகரத்தட்டில் இடி, முறத்தில் மழை, மணல் பெட்டியில் காலடி எல்லாம் அவர் கை வேலை.

தயாரிப்பாளர் குற்றவாளியையும் கையோடு முடிவு செய்து வைத்திருந்தார். மேடையில் பல வருஷம் அந்த ஊமை மனைவியாக நடித்த நடிகை. ரேடியோவுக்கு வந்தபோது, வசனமே இல்லாத பாத்திரத்துக்கு ஆள் எதற்கு, சாவி போதும் என்று அவளை விட்டுவிட்டார்கள்.

"வேலை போன கோபம். அவளேதான். கையும் களவுமாப் பிடிச்சுக் கொடுங்க."

"பேச்சே இல்லாத வேலையையும் பிடுங்கிட்டீங்களா?" என்றாள் நாத்தனார். "எங்க அண்ணி மாமியார் வீட்டுல பார்த்த வேலை அது. அதுக்கும் சம்பளம் கிடையாது."

அண்ணி அதைக் காதில் வாங்காத மாதிரி, பதிவு செய்து வைத்திருந்த ஒரு அழைப்பைப் போடச் சொன்னாள்.

நாடா சுழன்றது. போனில் தூரத்தில் எங்கேயோ ஒரு ரேடியோ ஓடுவது கேட்டது. தளபதி மனைவியை விசாரிக்கும் காட்சி. ரேடியோவில் சாவி குலுங்கியது. அதே நேரத்தில், அதன் மேலேயே, பக்கத்தில் இன்னொரு கொத்து குலுங்கியது. இரும்பு கனமானது. இங்கிருந்து தழுவல்காரியின் குரல்: "யாருங்க? யாருங்க அது? விளையாடறீங்களா?" மறுபடி ரேடியோ சாவி. அதன் மேல் அந்தக் கனமான சாவி, இரண்டு தடவை. பிறகு தயாரிப்பாளரின் குரல், "வச்சுத் தொலைம்மா." அழைப்பு முடிந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் தயாரிப்பாளர். "எங்க சாவி அடிக்கும்போதெல்லாம் அவளும் அடிக்கறா. பழிப்புக் காட்டற மாதிரி."

அண்ணி அந்த நாடாவை இன்னொரு தடவை கேட்டாள். தனக்கு ஏதோ புரிந்துவிட்டது, ஆனால் என்னவென்று தெரியவில்லை என்கிற அந்த அசௌகரியம் அவளுக்குப் பழக்கமானது. செருப்புக்குள் சின்னக் கல் கிடக்கிற மாதிரி. எடுத்து எறியவும் முடியாது, நடக்கவும் முடியாது.

ஊமையம்மா என்று பெயர் வாங்கியிருந்த அந்த நடிகை இப்போது ஒரு திரையரங்கில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கம்பி வைத்த சின்னச் சன்னலுக்குப் பின்னால் கண்கள் மட்டும் பெரியதாகத் தெரிந்தன. அந்தக் கண்களுக்காகத்தான் ஒரு காலத்தில் முன்வரிசை நிரம்பியது என்று நம்ப முடிந்தது.

"ரெண்டு பேருக்கா?"

"படத்துக்கு இல்லைங்க," என்றாள் அண்ணி. தன் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து, சன்னல் விளிம்பில் ஊமையம்மாவின் கைக்கருகே வைத்தாள். "ஒரு கேள்வி. வாயைத் திறக்காம பதில் சொல்லணும். ரேடியோ நாடகக்காரங்க மேல உங்களுக்குக் கோபமா?"

ஊமையம்மா ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டினாள். சாவி இருந்த பக்கம் அவள் விரல்கூட நகரவில்லை.

"நாடகத்தைக் கேட்டீங்களா?"

தலை இடமும் வலமும் ஆடியது. பிறகு வாயைத் திறந்தாள். "எதுக்குங்க கேட்கணும்? நான் இல்லாத வீட்டுல என்ன நடக்குதுன்னா? அது சரி, சாவி எதுக்கு இங்க வச்சீங்க?"

"மேடையில இடுப்புல சாவி வச்சிருந்தீங்களாமே."

"வச்சிருந்தேன். ஒவ்வொரு சாவிக்கும் துணி சுத்தியிருக்கும். சத்தம் வந்தா தளபதியோட வசனம் கெட்டுடும்னு. அந்தக் கொத்து ஒரு நாளும் ஒரு சத்தம் போட்டதில்லை."

வெளியே வந்ததும் நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள். "போச்சு. குற்றவாளியும் போச்சு, மேட்னி ஷோவும் போச்சு. சாவியில ஆமாம் இல்லை சொல்லலாம்னே இந்தம்மாவுக்குத் தெரியாது."

"அது ரேடியோ கேட்டவங்களுக்கு மட்டும்தான் தெரியும்," என்றாள் அண்ணி.

திரையரங்கின் பக்கச் சந்தில் கைகழுவும் தொட்டி ஒன்று இருந்தது. யாரோ குழாயை மூடாமல் போயிருந்தார்கள். தண்ணீர் தகரத் தொட்டியில் விழுந்து இரைந்துகொண்டிருந்தது. நாத்தனார் மூடப் போனாள். அண்ணி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இதை எதுக்குத் திறந்து விடுவாங்க?"

"கை கழுவ. துணி அலச." நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய அடுத்த கிண்டல் நாக்கிலேயே நின்றது. "அழறதுக்கு," என்றாள் தாழ்ந்த குரலில்.

கல்யாணமான புதிதில் தினமும் மத்தியானம் குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அண்ணி நின்றிருக்கிறாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் தன் சத்தத்தை வைத்து வெளியே அனுப்பிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். எதற்காக அழுதாள் என்பது இப்போது அவளுக்கே மறந்துபோய்விட்டது. ஆனால் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுந்தால் எவ்வளவு விம்மலாம் என்கிற அளவு மட்டும் மறக்கவில்லை.

"தண்ணி வீணாப் போகுதுன்னு அம்மா கத்துவாங்க," என்றாள் நாத்தனார். "நான்தான் துவைக்கிறேம்மான்னு சொல்லுவேன்."

இத்தனை வருஷத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. அண்ணி தானே குழாயை மூடினாள்.

"அந்தப் போன் கேலி இல்லை," என்றாள். "ரேடியோ சாவி அடிக்கும்போது மட்டும் ஏன் அந்தச் சாவி அடிக்குது? ஏன்னா அந்த வீட்டுல ரேடியோ முன்னாடி யாரோ உட்கார்ந்திருக்காங்க. அவங்க காதுல எல்லாச் சாவியும் ரேடியோ சாவியாத்தான் விழும். உள்ள போன் பக்கத்துல ஒருத்தி நிக்கறா. அவளுக்குக் குழாய் கிடைக்கலை, நாடகம் கிடைச்சிருக்கு. 'விளையாடறீங்களா'ன்னு கேட்டாங்களே, ரெண்டு தடவை குலுக்கினா. அது சத்தம் இல்லை. பதில்."

"இல்லைன்னு," என்றாள் நாத்தனார்.

"இல்லைன்னு. நாமதான் போனை வச்சுட்டோம்."

தயாரிப்பாளர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. போலீசுக்குப் போன் செய்து பார்த்தார். சாவிச் சத்தத்தை வைத்து என்ன புகார் எழுதுவது என்று அங்கே கேட்டார்கள். போலீஸ் எழுத்தில் கேட்காமல் அழைப்பு எங்கிருந்து வருகிறதென்று பார்க்க மாட்டோம் என்று டெலிபோன் அலுவலகம் சொல்லிவிட்டது.

"இன்னைக்கு அவ கூப்பிட்டா நான் கேள்வி கேட்கறேன்," என்றாள் அண்ணி. "சாவிதான் வேணும். நிறைய."

தழுவல்காரி தன் தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னைக்குச் சாவி கிடையாது," என்றாள். "முதல் காட்சியிலேயே அவ சாவிக்கொத்தைத் தளபதி காலடியில வச்சிடறா. அதுக்கப்புறம் அவர் கேட்டுக்கிட்டே இருப்பார், பதிலே வராது. அந்த மௌனத்துக்காகத்தான் இத்தனை வாரமா சாவியைக் குலுக்க வச்சேன். மேடையில இருந்த அந்தப் பொம்பளை அப்பதான் ரேடியோல முழுசா வருவா."

அவள் பென்சிலை எடுத்தாள். அந்தக் காட்சியின் மேல் ஒரு கோடு போட்டாள். அடுத்த தாளில் இன்னொன்று. தான் பெற்றதைத் தானே கிள்ளுகிற முகத்தோடு, ஓரங்களில் 'சாவி, சாவி, சாவி' என்று எழுதிக்கொண்டே போனாள்.

"சோகமே போயிடுமேம்மா," என்றார் தயாரிப்பாளர்.

"வேற இடத்துல நிறைய இருக்கு சார்," என்றாள் நாத்தனார்.

தளபதியாக நடிப்பவர் கடைசி நேரத்தில்தான் வந்தார். மேடையில் திரை கிழிந்து விழுந்தபோதுகூட வசனத்தை விடாமல் சமாளித்த பெரிய ஆள். அவரிடம் விவரம் சொல்ல நேரமில்லை. "இன்னைக்குச் சாவி கொஞ்சம் அதிகமா வரும், நீங்க பாட்டுக்குப் போங்க," என்று மட்டும் சொன்னார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அறையில் போன் இருந்தது. ஒலிபரப்பில் மணி கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, அழைப்பு வந்தால் ஒரு பச்சை விளக்கு மட்டும் எரியும். போனில் வருவது பக்கத்திலிருந்த சின்ன ஒலிபெருக்கியிலும் கேட்கும். அண்ணி அதன் முன்னால் உட்கார்ந்தாள். தழுவல்காரி அவளுக்குப் பின்னால் நின்றாள். நாத்தனார் கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். அண்ணி விரலை உயர்த்தினால் அவள் கையை அசைப்பாள், உள்ளே இடிமழை குலுக்குவார்.

முதல் சாவி ஒலித்த சிறிது நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"வைக்காதீங்க," என்றாள் அண்ணி உடனே. "நீங்க குலுக்கறது எனக்குப் புரியுது. இனிமே நான் ஒவ்வொரு தடவை கேட்டதும் ரேடியோல சாவி வரும். அதுக்குள்ள பதில் சொல்லுங்க. நான் பேசறது கேட்குதா?"

விரல். கை. ரேடியோவில் சாவி. அதன் மேல், கனமான இரும்பு ஒரு தடவை.

"உங்களுக்குப் பேச வராதா?"

இரண்டு தடவை.

"பேசக் கூடாதா?"

ஒரு தடவை.

வராது என்பதற்கும் கூடாது என்பதற்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கை கிடந்தது. அண்ணி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

"வீட்டுக்காரர் ரேடியோ முன்னாடி இருக்காரா?"

ஒரு தடவை.

"வெளிய போய் வர முடியுமா உங்களால?"

இரண்டு.

"கையில இவ்வளவு சாவி இருக்கே. அதுல வாசல் சாவி இருக்கா?"

இரண்டு தடவை. இரண்டாவது குலுக்கு கொஞ்சம் தாமதமாக வந்தது. தழுவல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாங்க வந்தா எங்ககூட வருவீங்களா?"

இடிமழை குலுக்கினார். போனில் ஒன்றுமில்லை. அண்ணி விரலை மறுபடி உயர்த்தினாள். ரேடியோ சாவி தனியாக ஒலித்து அடங்கியது. மூச்சு மட்டும் கேட்டது. அவசரப்படுத்தக் கூடாது என்று அண்ணிக்குத் தெரியும். இந்தக் கேள்விக்கு அண்ணியும் தன் வாழ்நாளில் பதில் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. மூன்றாவது தடவை சாவி ஒலித்தபோது, அதற்குள் ஒளிந்துகொண்டு, அது வந்தது. ஒரே ஒரு குலுக்கு.

"சரிம்மா," என்றாள் அண்ணி. "உங்க போன் நம்பரை ஒவ்வொரு எண்ணா குலுக்குங்க. அது போதும், வீட்டைக் கண்டுபிடிச்சிடலாம். நாங்க விடாம சாவி போடறோம்."

இடிமழை விடாமல் குலுக்கினார். ஐந்து. இரண்டு. ஏழு. நாத்தனார் மைப்பேனாவால் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். நான்காவது எண் தொடங்கியது. ஒன்று, இரண்டு.

கண்ணாடிக்கு அப்பால் தளபதி ஒலிவாங்கியின் முன் திணறிக்கொண்டிருந்தார். அவருடைய ஒவ்வொரு வசனத்தின் மேலும் சாவி விழுந்தது. காரணம் தெரியாத சத்தம். ஒலிபரப்பில் அது கூடவே கூடாது. அவர் தாளைக் கீழே இறக்கினார். தொண்டையைச் செருமினார். வாழ்நாள் அனுபவம் அத்தனையும் திரண்டு வந்து உதவியது.

"பெண்ணே," என்றார், கம்பீரமாக. "எதற்காக ஓயாமல் சாவியை ஆட்டுகிறாய்? நான் ஒன்றும் கேட்கவில்லையே. யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாய் நீ?"

"சமாளிச்சுட்டார் பாருங்க," என்றார் தயாரிப்பாளர், கண்ணில் நீர் வராத குறையாக. "மேடைக்காரர், மேடைக்காரர்தான்."

அண்ணியின் கையிலிருந்த போனில், தூரத்து ரேடியோவும் அதையே சொன்னது. *யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாய் நீ?* பிறகு ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது.

ரேடியோ நின்றது.

அந்த மொட்டை மௌனத்தில், ஆடிக்கொண்டிருந்த கை சட்டென்று நிற்க முடியாமல், சாவி இன்னொரு தடவை குலுங்கியது. மறைக்க எதுவும் இல்லாமல், அந்த வீடு முழுக்கக் கேட்கும்படி.

காலடிகள். நிதானமான காலடிகள். இடிமழையின் மணல் பெட்டியில் செய்த மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தன. அண்ணி வாயைத் திறந்தாள். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது, ஆனால் இனி போனை வைத்திருப்பது யார் கை என்று தெரியாது.

"யாரு?" என்றது ஓர் ஆணின் குரல். மரியாதையான, அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்த குரலாக இருக்க வேண்டும்.

நாத்தனார் போனைப் பிடுங்கினாள்.

"தையல் கடைங்களா? என் ஜாக்கெட் என்னாச்சுங்க? போன வாரமே தர்றேன்னீங்க. இப்பக் கேட்டா சாவியை எடுத்து ஆட்டறீங்க. கடையைப் பூட்டிட்டுக் கிளம்பறதுலயே இருந்தா எப்படிங்க?"

மறுமுனையில் சிறு சிரிப்பு. "இல்லைங்கம்மா, இது வீடு."

"கை ரெண்டும் இறுக்கமா இருக்கு, பிரிச்சு விடுங்கன்னு சொன்னேனே."

"ராங் நம்பர்ங்க."

நாத்தனார் அண்ணியைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். தப்பித்தோம் என்று அந்தக் கண் சொன்னது. அவள் பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான். சாவிச் சத்தத்துக்குக்கூடக் காரணம் சொல்லிவிட்டாள்.

அந்த ஆள் போனை வைக்கவில்லை. வாயிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் யாரிடமோ, கோபமே இல்லாமல் கேட்டது அவர்கள் காதில் விழுந்தது.

"ராங் நம்பர்னா இங்க மணி அடிச்சிருக்கணுமே?"

போன் வைக்கப்பட்டது. பச்சை விளக்கு அணைந்தது.

நாத்தனார் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அவள் கன்னத்துத் தசை ஒரு கிண்டலைத் தேடுகிற மாதிரி அசைந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ஐந்து, இரண்டு, ஏழு. பக்கத்தில் முடியாமல் நின்ற ஓர் எண். ஊரில் பாதிப் பேரின் போன் அந்த மூன்று எண்ணில்தான் தொடங்கியது. வியர்வையில் மை பரவிக்கொண்டிருந்தது.

"ஒரு ஊமைப் பொம்பளையை இவ்வளவு பேச விட்டிருக்கக் கூடாது," என்றாள் தழுவல்காரி. "யாருக்கும் சந்தேகம் வரும்."

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அவளைப் பேச வைத்தது தான்தான். விடாமல் குலுக்கச் சொன்னதும் தான்தான். குழாய்த் தண்ணீர் அளவு மீறிப் போகக் கூடாது என்று தன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

நாடகம் முடிந்து சிவப்பு விளக்கு அணைந்தது. தயாரிப்பாளர் தளபதியின் தோளைத் தட்டினார். நேரம் தவறவில்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து இடிமழை வந்தார். கையில் சாவிக்கொத்து இன்னும் இருந்தது. இவ்வளவு நேரமும் அவர் கண்ணாடி வழியே நாத்தனாரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு குலுக்கியவர். போனில் நடந்தது அவருக்குத் தெரியாது.

"வந்துடுச்சா நம்பர்?" என்றார். பிறகு அவர்கள் முகங்களைப் பார்த்தார். குரல் இறங்கியது. "இதைக் கீழ வச்சிடலாமா?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒருவரும் சொல்லவில்லை. அத்தனை நேரம் ஆட்டியதில் இடிமழையின் கை ஓய்ந்துபோய் நடுங்கியது. அதில் கொத்து தானாகவே குலுங்கியது. ஒரு தடவை.

எல்லோரும் போனைத் திரும்பிப் பார்த்தார்கள்.